பிஸ்கட் டப்பாவின் விடைகள்

மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காதில். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? மூன்று. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு? நமக்கு இருக்கிற அதே ஏழுதான். அம்மா கல்யாணத்தன்று தொலைத்தது எந்தக் காலின் செருப்பு? இடது. பெரியக்காவுக்கு முதல் பல் விழுந்தது எங்கே? பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில். உலகத்துச் சங்கதியும் வீட்டுச் சங்கதியும் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் கலந்து கிடந்தன. எது பெரிது, எது சிறிது என்ற பேச்சே அங்கே கிடையாது. கேள்வி வந்தால் விடை வர வேண்டும், அவ்வளவுதான்.

டப்பா அப்பாவுடையது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், தேதி, கையெழுத்து. இதில் ஒன்று குறைந்தாலும் அட்டை செல்லாது. வேலையில் ஊறிப்போன அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கம்பெனியில் மிச்சமாகும் வெற்று அட்டைகளை நான்காக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை, கீழே தேதி, கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் டப்பா திறக்கப்படும். பிள்ளைகளுக்கு வயது ஏறியது, கல்யாணம் ஆனது, தனித்தனி வீடு ஆனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை.

அட்டையில் இருப்பதே விடை. தப்பு என்று தோன்றினால் வாயால் சொல்லக் கூடாது. மறுப்புச் சீட்டு எழுதி, ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். அப்பா அதை எல்லார் முன்னாலும் படித்து, சரி என்று பட்டால் பழைய விடையைச் சிவப்பு மையில் அடித்து, புதியதை எழுதி, மறுபடியும் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். வியாழன் கிரகத்துக்கு எத்தனை நிலா என்ற அட்டை அடித்து அடித்தே சிவந்துபோயிருந்தது. கிரகங்கள் ஒன்பது என்பதை எட்டாகத் திருத்த நேர்ந்த அன்று அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை என்று அம்மா இன்றைக்கும் கேலி பேசுவாள்.

இரண்டாவது மகளுக்கு அந்த வீட்டில் வக்கீல் என்று பெயர். சட்டப் புத்தகத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. எட்டு வயதிலிருந்தே மறுப்புச் சீட்டாக எழுதித் தள்ளியதற்குக் கிடைத்த பட்டம் அது. மார்க் நோட்டும் அவள் பொறுப்பில்தான் இருந்தது, ஓரவஞ்சனை தெரியாதவள் என்பதால். இப்போது நாற்பத்திரண்டு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாயில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க அவளுக்குப் பிழைப்பு. ஒரு எழுத்து இடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் மசிய மாட்டாள் என்று அங்கே எல்லாருக்கும் அவள்மேல் ஒரு பயம்.

அப்பேர்ப்பட்டவள் முப்பத்திரண்டு வருடமாக ஒரே ஒரு அட்டையை மறுக்காமல் விட்டிருந்தாள். 'சின்னவனுக்கு இடது காது கேட்காமல் போனது எதனால்?' என்பது கேள்வி. 'பொன்னுக்கு வீங்கி, ஆறு வயதில்' என்பது விடை. அது பொய். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

சின்னவன் அவளுடைய தம்பி. தையல் மெஷின் பழுது பார்ப்பவன். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, ஊசி வளைந்திருக்கிறதா, உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா, எண்ணெய் வற்றிவிட்டதா என்று சொல்லிவிடுவான். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அத்தனையும் சாதித்தவன். எட்டு மாதமாக அந்த வலது காதும் மங்கிக்கொண்டு வருகிறது. இப்போதெல்லாம் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறான். 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்க' என்று அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை குடும்பமே காது டாக்டரின் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கே போனாலும் எல்லாரும் சின்னவனுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவார்கள். தெருவில் நடந்தாலும் அப்பா அவனுக்கு வலது புறமாகவே நடப்பார். அது அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த பழக்கம்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "இடது காது எப்ப போச்சு? எதனால?" என்று கேட்டார்.

"பொன்னுக்கு வீங்கி. ஆறு வயசுல," என்று மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. அப்பா, அம்மா, பெரியக்கா. அவர்கள் உதட்டைப் பார்த்துவிட்டு, அரை விநாடி தள்ளி, சின்னவனும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சரியான விடை சொன்னால் வருகிற சின்னச் சிரிப்பு அவன் முகத்தில் வந்து போனது. வக்கீல் மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி, பேனா முனையால் ஓரிடத்தைக் காட்டினார். "இங்க எலும்புல ஒரு கோடு மாதிரி தெரியுது. பழைய முறிவா இருக்கலாம். பிறவியிலேயே இப்படி இருந்தாலும் இருக்கலாம். சின்ன வயசுல தலையில அடி கிடி பட்டுதா?"

"அப்படி எதுவும் இல்லையே டாக்டர்," என்றார் அப்பா.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. வலது காது கையை விட்டுப் போயிட்டிருக்கு. அதனால இடது பக்கம் உள்ள ஒரு கருவி வைக்கலாமான்னு பாக்கறேன். நோயில போன காதுன்னா அங்க வெச்சா கேக்க வாய்ப்பு இருக்கு. அடிபட்டு உடைஞ்ச காதுன்னா நரம்பே அறுந்திருக்கலாம். அப்ப அங்க கத்தி வெச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. எதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். வீட்ல உட்கார்ந்து பேசிட்டு அடுத்த வியாழக்கிழமை வாங்க."

வக்கீல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவனின் முகமாக அது இல்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. மனிதர் மறந்தே போய்விட்டாரா? தன் கையால் எழுதிய அட்டையைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டாரா?

வராந்தாவில் பெரியக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடி. கழுத்தைச் சுத்தி துணி கட்டிக்கிட்டு படுத்திருந்தான். மறுநாள் கூப்பிட்டா திரும்பவே இல்ல. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்."

அந்த வாரம் பெரியக்கா வீட்டிலேயே இல்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு அட்டையை முப்பது வருடம் திரும்பத் திரும்பப் படித்தால் கழுத்துத் துணி என்ன, அதன் நிறம்கூட ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நடந்தது வேறு. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அப்பாவின் கம்பெனி மேற்பார்வையாளர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டப்பாவைத் திறந்து, பிள்ளைகளின் சாமர்த்தியத்தைக் காட்டப் புறப்பட்டார். வக்கீலுக்கு அப்போது பத்து வயது. மடியில் மார்க் நோட்டு. 'உலகிலேயே மிகப் பெரிய பாலைவனம் எது?' என்று அப்பா கேட்டார்.

"அண்டார்டிகா," என்றான் ஆறு வயதுச் சின்னவன்.

"சகாராடா," என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

"இல்ல, அண்டார்டிகா. எங்க டீச்சர் சொன்னாங்க. மழை இல்லன்னா பாலைவனம். மணல் இருக்கணும்னு இல்ல. அப்பாவுக்குத் தெரியல!"

மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். "பையன் சொல்றதுதான் சரி. நீங்க போய் அவன்கிட்ட டியூஷன் படிங்க," என்றார். ஒன்றுமில்லாத வேடிக்கைப் பேச்சு. அப்பாவும் சிரித்தார். டீ குடித்துவிட்டு அந்த மனிதர் படியிறங்கிப் போகும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சின்னவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. "அப்பா தப்பு, அப்பா தப்பு" என்று பாட்டுக் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றிக் குதித்தான். மூன்றாவது சுற்றில் அப்பா அவன் பின்மண்டையில் ஓங்கி அடித்தார். ஒரே அடி. பிள்ளை பறந்து போய் விழுந்த இடத்தில் அப்பாவின் இரும்புக் கருவிப் பெட்டி இருந்தது. இடது காது அதன் மூலையில் மோதியது. காதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் இறங்கியது.

அதற்குப் பிறகு அப்பா எந்தப் பிள்ளையின் மேலும் கை வைத்ததில்லை. சத்தம் போட்டதுகூட இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒன்பது நாள் கழித்து அந்தப் பொன்னுக்கு வீங்கி அட்டை டப்பாவுக்குள் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வக்கீல் அம்மாவிடம் போய் நின்றாள். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும்."

"எந்த உண்மையை?" அம்மா நிமிரவில்லை.

"உனக்குத் தெரியும்."

அம்மா ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "ஆஸ்பத்திரியில அன்னிக்கு எப்படி ஆச்சுன்னு கேட்டாங்கடி. அடிச்சாருன்னு சொன்னா போலீஸ் வரும், வேலை போகும். நீங்க மூணு பேரும் என்ன ஆவீங்க? பொன்னுக்கு வீங்கி வந்து போன பையன்தானே, அதுலேர்ந்து காது சரியில்ல, மயங்கி விழுந்துட்டான்னு சொன்னேன். என் வாயிலேர்ந்துதான் வந்துச்சு. ஸ்கூல்ல கேட்டா நீங்க உளறிடுவீங்கன்னு உங்கப்பா அதை அட்டையில எழுதுனாரு. அந்த வாரம் முழுக்க அந்த ஒரு அட்டையைத்தான் கேட்டாரு. நீ மார்க் போட்ட. ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? பத்து வயதுக் கையெழுத்தில் பென்சிலால் போட்ட ஒன்று, ஒன்று, ஒன்று. சின்னவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, 'பொன்னுக்கு வீங்கி' என்று சரியாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். மண்டையில் அடி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நினைவிலேயே தங்கவில்லை.

"இப்ப அவனுக்கு ஆபரேஷன்மா. தப்பான காதுல போய் கத்தி வைப்பாங்க."

"உங்கப்பாவுக்கு எழுபத்தாறு வயசு," என்றாள் அம்மா. "அவனுக்கு உங்கப்பான்னா உசுரு. காது போனாப் போகுதுன்னு இருந்துட்டான். அப்பனும் போகணுமா?" மடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொன்னால் தம்பிக்கு அப்பா போவார். சொல்லாவிட்டால் காது போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. பரிசோதனைக் கூடத்தில் அந்த இரண்டு நாளும் அவள் ஒன்பது குழாய்களைத் திருப்பி அனுப்பினாள். பக்கத்து மேசைக்காரி, "இன்னிக்கு ஊரே தப்பா பேர் எழுதுது போல," என்று முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் சீக்கிரமே போனாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கி, அட்டைகளைத் தரையில் பரப்பினாள். தேடியது மூன்று. முதல் அட்டை: 'சின்னவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அம்மா வாங்கித் தந்த பொம்மை எது? ரயில் என்ஜின்.' அதன் தேதிப்படி சின்னவனுக்கு நான்கு வயது. இரண்டாவது பாலைவன அட்டை. சகாராவை அடித்துவிட்டு அண்டார்டிகா என்று சிவப்பில் எழுதி, கையெழுத்து. அடித்த தேதி அந்த ஞாயிற்றுக்கிழமையேதான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு வந்து, மனிதர் உட்கார்ந்து அட்டையைத் திருத்தியிருக்கிறார்! அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மூன்றாவது காது அட்டை. ஒன்பது நாள் கழித்து. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கியாம். அது நான்கு வயதிலேயே வந்து போய்விட்டது என்று அவருடைய கையெழுத்தே சொல்கிறது.

மூன்றையும் மடியில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போகவில்லை. பொய்யைக்கூட தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்திருக்கிற ஆள் உலகத்தில் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு சீட்டை எடுத்து எழுதினாள். 'மறுப்பு. அட்டை: சின்னவனின் காது. ஆதாரம்: ரயில் என்ஜின் அட்டையின் தேதி, பாலைவன அட்டையின் தேதி, நான்.'

சாப்பாடு முடிந்தது. டப்பா வந்தது. இப்போதெல்லாம் அப்பா கேள்வியைப் படித்துவிட்டு அட்டையைச் சின்னவனிடம் காட்டுவார். சுவர்க்கோழிக்குக் காது எங்கே இருக்கிறது? முன்னங்காலில் என்றான் சின்னவன். "அதுக்கு நல்ல வசதி. காதுல வலின்னா காலை நீட்டுனா போதும்," என்று அவனே சிரித்தான். பெரியக்கா சிரிக்கப் பார்த்து முடியாமல் தண்ணீர் குடித்தாள். வக்கீல் அவனுக்கு ஒரு மார்க் போட்டாள். பிறகு சீட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அந்த ஒரு அட்டைக்கு மறுப்புச் சீட்டு கொடுக்க அவளுக்கு முப்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அட, வக்கீல் கோர்ட்டுக்கு வந்துட்டா!" என்றார் அப்பா உற்சாகமாக. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. விதிப்படி அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மறக்கவில்லை என்று வக்கீலுக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

"அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் அப்பா.

"என்ன மறுப்பு? எந்த அட்டை?" என்றான் சின்னவன், எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து.

"வியாழனோட நிலா," என்றார் அப்பா, அவன் வலது காதருகே குனிந்து. "எண்ணிக்கை திரும்ப ஏறிடுச்சாம்."

"அது ஏறிக்கிட்டேதான் இருக்கும்," என்று சின்னவன் சமாதானமானான். வக்கீல் வாயைத் திறந்தாள். அம்மா மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து இறுக்கினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. இத்தனை வருடம் எப்படி மூடிக்கொண்டதோ அப்படியேதான்.

மறுபடியும் வியாழக்கிழமை. மறுபடியும் அந்தச் சின்ன அறை. கதவு சரியாக மூடாமல் அரைகுறையாகத் திறந்திருந்தது. வெளியே நர்ஸ் டோக்கன் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இன்றைக்குக் கோரஸ் எழவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வக்கீல் எட்டிப் பார்த்தாள். பொன்னுக்கு வீங்கி சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, 'கீழே விழுந்ததில் அடி'. தேதி. கையெழுத்து.

டாக்டரம்மா அதைப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "அப்ப அடிதான். முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சமாயிருக்குமே. சரி, இது போதும் எனக்கு. நரம்பு இருக்கான்னு பாக்க வேற ஸ்கேன் எழுதித் தரேன்."

அம்மா பெருமூச்சு விட்டது அறைக்கே கேட்டது. வக்கீலுக்கும் உடம்பு லேசானது. டாக்டருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அட்டையில் எழுதியதும் பொய்யில்லை. விழுந்தான்தான். அடிபட்டதுதான். எப்படி விழுந்தான் என்பதுதான் இல்லை. பூசி மெழுகுவதில் அப்பா கெட்டிக்காரர். தம்பிக்குக் காதும் மிஞ்சலாம், அப்பாவும் மிஞ்சுவார். இத்தோடு விட்டுவிட்டால் என்ன? விட்டுவிடத்தான் அவள் நினைத்தாள், அதை மறைப்பானேன்.

சின்னவன் அட்டையை எடுத்துப் படித்தான். திருப்பிக் கேள்வியைப் பார்த்தான். மறுபடி விடையைப் படித்தான்.

"விழுந்தேனா? எங்கேர்ந்து?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். பெரியக்கா, "என்னப்பா இது? பொன்னுக்கு வீங்கி இல்லையா?" என்று விழித்தாள். அம்மா புடவை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து வக்கீலிடம் நின்றான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, வலது காதைச் சாய்த்துக் கொடுத்தான்.

"வக்கீலக்கா, நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட."

அட்டைக்கு மறுப்பு எழுதலாம், அப்பாவுக்காக வாயை மூடிக்கொள்ளலாம். சாய்ந்திருக்கிற அந்தக் காதுக்குள் இன்னொரு பொய்யைப் போட அவளால் முடியாது.

"அப்பா அடிச்சாருடா," என்றாள் மெல்ல.

"என்ன?"

"அப்பா... அடிச்சாரு."

"கேக்கலக்கா. சத்தமா சொல்லு."

"அப்பா அடிச்சாரு!"

வெளியே டோக்கன் கூப்பிடும் குரல் நின்றது. முப்பத்திரண்டு வருடம் மூச்சு விடாமல் காத்த ரகசியத்தை இனி ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு எப்படியும் கேட்காது. அவள் கத்தினாள். கண்ணீர் வழிய வழியக் கத்தினாள். "பாலைவனம் எதுன்னு கேட்டாரு! நீ அண்டார்டிகான்னு சொன்ன! அவரு சகாரான்னாரு! வந்தவர் சிரிச்சாரு! அவர் போனதும் உன்னை பின்மண்டையில அடிச்சாரு! டூல்ஸ் பெட்டியில போய் விழுந்த! நான் பார்த்தேன்! நான் அங்கதான் உட்கார்ந்திருந்தேன்!" வரிசையில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவின் உதடு ஒரு தடவை அசைந்தது. "ஆமா." அந்தச் சத்தம் அவனுக்கு எட்டியிருக்காது. உதட்டைப் படித்துக்கொண்டான். அப்பா அவன் தோளைத் தொடக் கையை நீட்டி, பாதியிலேயே மடியில் போட்டுக்கொண்டார்.

அவன் கோபப்படுவான், எழுந்து போவான் என்று வக்கீல் எதிர்பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்டார்டிகா சரிதானே?"

"சரிதான்டா."

"அதுக்கு மார்க் போட்டியா?"

அந்தப் பக்கம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. நோட்டில் மூன்று பெயர்கள், தேதி, சின்னவனின் கட்டம் காலி. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறாள். போடவில்லை.

"இல்ல," என்றாள். அவனுக்குக் கேட்காதோ என்று தலையையும் ஆட்டினாள்.

"பொன்னுக்கு வீங்கிக்கு?"

"போட்டேன்."

"எத்தனை தடவை?"

"முப்பத்தேழு." எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம்.

சின்னவன் அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீங்க ஸ்கேன் சீட்டை எழுதுங்க டாக்டர்," என்றான். நாற்காலியைத் தூக்கி, மேசையின் அந்தப் பக்கம், டாக்டரம்மாவுக்கு அருகில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தான். அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா, அம்மா, பெரியக்கா, வக்கீல் நால்வரும் இப்போது அவனுக்கு இடது பக்கத்தில் இருந்தார்கள்.